இடது காதில் வெள்ளம்

'பணியாளர் மீது எழுத்து மூலம் குற்றம் சாட்டுவதற்கு முன், சம்பந்தப்பட்ட இயந்திரத்தின் இயக்கப் பதிவேட்டைப் பொறுப்பு அலுவலர் பார்வையிட வேண்டும்.' நடைமுறைக் கையேட்டின் ஒன்பதாம் பிரிவு இப்படிச் சொல்கிறது. அடுத்த பிரிவு, வரும் மனுவுக்கு முப்பது நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்கிறது.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் மழைநீர் பம்ப் அறை விஷயத்தில் ஒன்பதாம் பிரிவு முறையாகவே கடைப்பிடிக்கப்பட்டது. அந்த இயந்திரத்துக்குப் பதிவேடு கிடையாது. இல்லாத பதிவேட்டில் இயந்திரத்துக்கு எதிராக எதுவும் காணப்படவில்லை. ஆகவே ஏகாம்பரம் மீது குற்றம் சாட்டப்பட்டது.

எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும் என்பதால் வாசகர்கள் தங்களுக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாம்.

ரீங்காரம் இல்லாத மதியம்

அனகாபுத்தூரில் ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு கட்டியவனுக்கு மழைக்காலத்தில் தூக்கம் வர ஒரு சத்தம் தேவை. பம்ப் மோட்டாரின் ரீங்காரம். மழை பெய்தால் தெருத் தண்ணீரெல்லாம் கோடியில் உள்ள பெரிய தொட்டிக்கு ஓடும். தொட்டி நிறைந்ததும் மோட்டார் ஓடி அதை ஆற்றில் தள்ளும். பழகிப்போனால் அந்தச் சத்தம் காதில் விழாது. நின்றால்தான் விழும்.

அந்தக் கார்த்திகை மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஏதோ குறைகிறதே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவி கிரேஸ் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, உங்க செருப்பு உள்ள வருது."

வந்தது. வலதுகால் செருப்பு முதலில், இடதுகால் பின்னால், அளவான இடைவெளியில், வாசற்படியைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்தன. பின்னாலேயே சாக்கடை நாற்றமும் ஈரச் சாக்கின் வாடையும் வந்தன. அரைமணி நேரத்தில் கட்டில் கால்கள் மூழ்கின. அடுத்தடுத்து எட்டு வீடுகளுக்கு அதே விருந்தாளி.

பம்ப் அறையில் ஏகாம்பரம் இருப்பார். ஆறு வருடமாக இருக்கிறார். ஒப்பந்தக்காரரின் ஆள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மோட்டாரைத் துடைத்த துணியைக்கூடத் துவைத்துக் காயப்போடுகிற ஜாதி. அவருடைய மனைவி தேசம்மாள் கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரர். காலையில் மூன்று சக்கர வண்டியில் மீன் கொண்டுவந்து எங்கள் தெருக்களில் விற்பார். குரல் தெருவில் இருக்கும்போதே வாடிக்கையாளர்களின் பூனைகள் வாசலுக்கு வந்துவிடும்.

அந்த மதியம் பம்ப் அறையில் ஏகாம்பரம் இல்லை. ஆய்வுக்கு வந்த பொறியாளர் பூட்டிய கதவைத்தான் பார்த்தார். பார்த்ததை எழுதினார்.

சாவி தாம்பரத்தில்

இரண்டு நாள் கழித்து, கூடத்துச் சேற்றை நான் வாரிக்கொண்டிருந்தபோது, கணவனும் மனைவியும் ஒரு காகிதத்துடன் வந்தார்கள்.

"சார், நீங்க படிச்சவரு. இதுல இன்னா எழுதிக்கீறான்னு பாருங்க" என்றார் தேசம்மாள்.

'பணி நேரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பணியிடத்தை விட்டு வெளியேறியது தெரியவருகிறது' என்று எழுதியிருந்தது. என் முப்பத்து நான்கு வருட அரசு அலுவலக அனுபவத்தில் சொல்கிறேன், 'தெரியவருகிறது' என்றால் யாருக்கும் தெரியாது என்று பொருள்.

"நான் நிறுத்தல சார்" என்றார் ஏகாம்பரம். "அதுவே ஓடல. தண்ணி ஏறுது, மோட்டார் கம்முனு கீது. நானு சாவிக்கு ஓடினேன்."

சாவியின் கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடம் வேறொரு பம்ப் அறையில் யாரோ கையால் மோட்டாரை ஓடவிட்டுத் தூங்கிப்போய், தண்ணீரில்லாமல் ஓடி அது எரிந்துவிட்டது. உடனே சுற்றறிக்கை வந்தது. எல்லா மோட்டார்களும் தானியங்கிப் பெட்டியால் மட்டுமே இயங்கும். கையால் ஓட்டும் சுவிட்சுக்குப் பூட்டு. சாவி தாம்பரம் அலுவலகத்தில் பொறியாளரிடம். ஓர் இடத்தில் எரிந்த மோட்டாருக்காகப் பதினான்கு இடங்களில் பூட்டு.

ஏகாம்பரம் மூன்று முறை போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பம்மலில் வண்டி தண்ணீரில் நின்றது. தள்ளிக்கொண்டே தாம்பரம் போனார். பொறியாளர் வெள்ளப் பகுதிகளைப் பார்வையிடப் போயிருக்கிறார் என்றார்கள். எந்தப் பகுதி என்று கேட்டார். அனகாபுத்தூர் என்றார்கள்.

"நான் அங்க போறேன், அவரு இங்க வர்றாரு" என்றார் ஏகாம்பரம். சிரிக்கவில்லை. அழவும் இல்லை.

"இந்தத் தாளு இருக்கிற வரைக்கும் எந்த காண்ட்ராக்டரும் இவர சேக்க மாட்டான் சார்" என்றார் தேசம்மாள். "பம்புன்னா எல்லாமே அந்த ஆபீசுதான். லிஸ்ட்ல பேர அடிச்சிட்டாங்க. வேற இன்னா தெரியும் இவருக்கு? இவருக்கு வேல போனதுகூட எனக்குப் பெரிசில்ல. 'ஓடிட்டான்'னு எழுதிக்கீறான் பாரு. பதினாலு பேர் வேல செய்யற எடத்துல இவரு ஒருத்தர்தான் ஓடாதவரு."

வெள்ளத்துக்கு மறுநாளே வெயில் அடித்ததும் மோட்டார் தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது. ஆகவே, 'இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது' என்று ஒரு சான்றும் கோப்பில் சேர்ந்துவிட்டது.

பாட்டு எழுதும் கருவி

அந்தத் தானியங்கிப் பெட்டியில் நமக்கு வேண்டியது இரண்டே கம்பிகள். ஒன்று தொட்டியில் மிதக்கும் மிதவையிலிருந்து பெட்டிக்கு வருவது. தண்ணீர் ஏறினால் அதில் ஐந்து வோல்ட் வரும், இல்லாவிட்டால் சுழி. மற்றது பெட்டியிலிருந்து மோட்டாரின் ஸ்டார்ட்டருக்குப் போவது. 'ஓடு' என்றால் ஐந்து வோல்ட், இல்லாவிட்டால் சுழி. முதல் கம்பி 'தண்ணீர் வந்துவிட்டது' என்று சொன்னதும், சில நொடிகளில் இரண்டாவது கம்பி 'ஓடு' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பெட்டியின் வேலை. நம் அலுவலகங்களின் வேலையும் அதுதான்.

மழை ஈரத்தில் பெட்டி முதல் கம்பி சொல்வதைக் கேட்டும் இரண்டாவது கம்பிக்குச் சொல்லாமல் இருக்கிறது என்பது என் சந்தேகம். அடுத்த மழையில் இரண்டு கம்பிகளையும் பதிவு செய்துவிட்டால் போதும், இல்லாத பதிவேடு உண்டாகிவிடும்.

முறைப்படி, பதிவுக்கருவி பொருத்தக் கோரி மனு கொடுத்தேன். பதிலில்லை. நானே பொருத்த அனுமதி கோரினேன். அதற்கும் பதிலில்லை. பதிலின்மை மறுப்பாகாது என்று நான் பணியில் இருந்த காலத்தில் நானே பல கோப்புகளில் எழுதியிருக்கிறேன். பம்ப் அறையின் கதவுச் சாவி ஏகாம்பரத்திடமே இருந்தது. நீக்கப்பட்டவரிடமிருந்து சாவியைத் திரும்பப் பெற அந்த அலுவலகத்தில் படிவம் இல்லையாம்.

வோல்டேஜைப் பதிவு செய்யும் கருவி என்னிடம் கிடையாது. பாட்டைப் பதிவு செய்யும் கருவி இருந்தது. எங்கள் சபைப் பாடகர் குழுவுக்காக வாங்கிய, உள்ளங்கை அளவு ஒலிப்பதிவுக் கருவி. இடது, வலது என்று இரண்டு தடங்களில் நாள் முழுக்கப் பதிவு செய்யும். இரண்டு கம்பி, இரண்டு தடம். கடவுளே சேர்த்துவைத்த ஜோடி என்று நினைத்தேன்.

ஐந்து வோல்ட்டை அப்படியே கொடுத்தால் கருவி தாங்காது. அது பழகியது பாட்டின் மெல்லிய அசைவுகளோடு. ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகக் கொடுக்க வேண்டும். இரண்டு ரெசிஸ்டர்களை அடுத்தடுத்து வைத்து வோல்டேஜைப் பங்குபோட்டு, சின்னப் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். பாதுகாப்புக்கு நடுவில் ஒரு கெப்பாசிட்டர். எல்லாம் பழைய பிஸ்கட் டப்பாவில் இருந்தவை. கம்பிகளைப் பற்றுவைக்கும் ரெசின் புகை வீட்டில் பரவியதும், "ரிட்டயர் ஆனது நீங்களா, நானா?" என்றாள் கிரேஸ்.

குரோம்பேட்டைக் கல்யாணம்

டிஜிட்டல் சமிக்ஞைகளைச் சத்தமாக்கிப் பதிவு செய்வது புதுமை ஒன்றும் இல்லை. கணினி நம் ஊருக்கு வந்த புதிதில் அதன் நிரல்களைச் சாதாரணக் கேசட்டில்தான் சேமித்தார்கள். உண்டு, இல்லை என்ற இரண்டே சொற்களை இரண்டு விதக் கீச்சொலிகளாக்கி நாடாவில் எழுதுவார்கள். போட்டுக் கேட்டால் தகரத்தை ஆணியால் கீறுவதுபோல் இருக்கும்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் சம்பளப் பட்டியல் நிரலைக் கேசட்டில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த வாரம் அவர் தங்கைக்குக் குரோம்பேட்டையில் கல்யாணம். வரவேற்பில் நாதஸ்வரக் கேசட்டுக்குப் பதில் இதைப் போட்டுவிட்டார்கள். நான்கு நிமிடம் ஒலிபெருக்கியில் ஊழியர்களின் சம்பளம் அலறியது. மாப்பிள்ளை வீட்டார் அதை ஏதோ நவீன சங்கீதம் என்று நினைத்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். மணமக்கள் இன்றும் நன்றாக இருக்கிறார்கள்.

அந்தக் கேசட்டில் உண்டு, இல்லை இரண்டுமே சத்தமாக இருந்தன என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

எட்டு மணி நேரம்

ஒரு வாரத்தில் மழை வந்தது. காலை எட்டு மணிக்குக் கருவியை மாட்டினோம். ஏகாம்பரம் அங்கேயே குடையோடு உட்கார்ந்திருந்தார். நான் எதிர்பார்த்தபடியே மிதவை மேலே வந்து பத்து நிமிடத்துக்குமேல் மோட்டார் ஓடாமல் நின்று, பிறகு ஓடியதாகச் சொன்னார். லேசான மழை என்பதால் தெரு தப்பித்தது.

மாலையில் வீட்டில் போட்டுக் கேட்டோம். எட்டு மணி நேரத்தில் நான்கு 'டிக்'குகள். மற்றதெல்லாம் மௌனம்.

"சார், மோட்டார் மாதிரியே இதுவும் ஓடல போலக்கீது" என்றார் ஏகாம்பரம், என் மனம் புண்படாத குரலில்.

ஓடியது. தப்பு என்னுடையது. கெப்பாசிட்டர் என்பது மாறுவதை மட்டும் உள்ளே விடும், மாறாமல் நிற்பதை விடாது. சுழி ஐந்தாகும்போது ஒரு 'டிக்'. ஐந்தாகவே நின்றால் ஒன்றுமில்லை. மறுபடி சுழியானால் அதே மாதிரி இன்னொரு 'டிக்', எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒலிப்பதிவுக் கருவியின் உள்ளேயும் இதே ஏற்பாடுதான். பாட்டு நிற்காமல் அசைகிற சரக்கு, அதற்கு ஏற்றபடி செய்தது. அசையாமல் நிற்கிற உண்மை அதன் காதில் விழாது.

எங்கள் துறையின் பயிற்சி நிலையத்தில் மூன்று அணி மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே இந்தப் பாடத்தை நடத்தியவன் நான். தவறாக விடை எழுதிய ஒருவனைப் பெஞ்சுமேல் நிறுத்தியது நினைவுக்கு வந்தது. அவன் இப்போது எங்கேயோ பெரிய பதவியில் இருக்கிறான். நான் ஒரு பம்ப் அறையின் 'டிக்'குகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஊதல்

அசையாத வோல்டேஜை அசைய வைக்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன மின்னணுச் சில்லைக் கொண்டு எப்போதும் ஊதிக்கொண்டே இருக்கும் ஊதல் ஒன்று செய்தேன். அந்த ஊதலுக்கு இரண்டு வாசல். மிதவைக் கம்பியில் ஐந்து வோல்ட் இருக்கும்வரை இடது வாசல் திறந்திருக்கும். மோட்டார் கம்பியில் ஐந்து வோல்ட் இருக்கும்வரை வலது வாசல் திறந்திருக்கும். இயர்போனை மாட்டிக் கேட்டால், தண்ணீர் வந்தால் இடது காதில் ஊதும். 'ஓடு' என்ற கட்டளை போனால் வலது காதில் ஊதும்.

கார்த்திகையின் கடைசி மழையில் பதிவு செய்தோம். இருவரும் ஆளுக்கொரு முறை கேட்டோம். இடது காதில் 'பீ' என்று தொடங்கியது. வலது காதில் ஒன்றுமில்லை. ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினோரு நிமிடம். இடது காது வெள்ளம், வெள்ளம் என்று கத்துகிறது, வலது காது நிம்மதியாக இருக்கிறது. பிறகுதான் வலதும் ஊதியது.

ஏகாம்பரம் இயர்போனைக் கழற்றாமலே சொன்னார்: "இதான் சார் அன்னிக்கு. இதேதான்."

பதினொரு பத்திகளில் மனு எழுதி, பதிவை ஒரு பென் டிரைவில் போட்டு இணைப்பாகச் சேர்த்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். நான்காம் பத்தியில் 'இரு காதுகளிலும் இயர்போன் அணிந்து கேட்கவும்' என்று தெளிவாகக் குறிப்பிட்டிருந்தேன். மனுவின் நான்காம் பத்தியை எந்த அலுவலகமும் படித்ததில்லை என்பதும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான்.

தை பிறந்து பொறியாளரே போனில் பேசினார். "கேட்டோம் சார். என் மொபைல்லயே போட்டுப் பார்த்தேன். நல்லா கன்டின்யூவஸா ஊதுது. அப்போ மெஷின் ஓ.கே. தானே சார்?"

போனின் ஒற்றை ஒலிபெருக்கியில் இடதும் வலதும் ஒன்றாகிவிட்டன. ஒன்று ஊதினாலும் 'பீ'. இரண்டும் ஊதினாலும் அதே 'பீ'. ஏகாம்பரத்துக்காக நான் கொடுத்த சாட்சி அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டது.

போன் இருக்கும் காது

நேரிலேயே போனோம், மூவரும். பொறியாளருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மரியாதையானவர். மேசையில் மூன்று போன்கள். நான் இயர்போனை நீட்டினேன். வாங்கினார். அதற்குள் ஒரு போன் அடித்தது. அதை வலது காதில் வைத்துக்கொண்டு, என் இயர்போனின் ஒரு முனையை இடது காதில் செருகிக்கொண்டார்.

"கேக்குது சார்" என்றார். "கிளியரா கேக்குது."

"வலது காதில் என்ன கேட்கிறது என்பதுதான் விஷயம்."

"வலது காதுல மேடம் இருக்காங்க சார். மீட்டிங்."

வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். தேசம்மாள் டீயை ஆற்றாமல் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், நான் ஒண்ணு கேக்கட்டா? கோச்சுக்காதீங்க."

"கேளுங்க."

"நான் தெருவுல மீனேன்னு கூவிக்கினு போறேன். என் பின்னாலயே கீரைக்காரம்மா வருது. அதுவும் மீனேன்னு கூவுனா எந்த வூட்டுக்காரிக்கு சார் புரியும்? நீங்க ரெண்டு கம்பிக்கும் ஒரே தொண்டைய வெச்சிட்டு, இந்தக் காதுல இவன் அந்தக் காதுல அவன்னா, எவன் சார் உக்காந்து கேப்பான்? ஆளுக்கொரு தொண்ட வெக்க வேணாமா?"

"ஏய், சார்கிட்ட இன்னா பேச்சு பேசற" என்று பதறினார் ஏகாம்பரம்.

"சார்கிட்ட பேசாம, அந்தப் போன்காரர்கிட்டயா பேசுவேன்? அவருக்குத்தான் காது காலியா இல்லியே."

மிதவைக்குத் தடித்த குரல், மோட்டாருக்குக் கீச்சுக் குரல். இரண்டு சில்லுகள். அதிகச் செலவே கிடையாது. எந்தப் போனில் போட்டாலும், ஒரே காதில் கேட்டாலும் வித்தியாசம் தெரியும். குரோம்பேட்டை மண்டபத்தில் சம்பளப் பட்டியல் அலறியதும் இப்படித்தான், இரண்டு குரலில். நான் இடது வலது என்று அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருக்கிற பதிவிலேயே ஒரு தடத்தின் குரலைக் கணினியில் மாற்றிக்கொடுக்கலாமே என்று பாடகர் குழுவில் ஒருவர் யோசனை சொன்னார். முடியும். ஆனால் திருத்திய சாட்சி சாட்சியாகாது. புதிதாகத்தான் பதிய வேண்டும். புதிதாகப் பதிய மழை வேண்டும். காலண்டரில் மாசி நடந்துகொண்டிருந்தது.

மழைக்குக் காத்திருந்தது

தாம்பரம் பக்கத்து வெயிலைப் பற்றிப் புகார் சொல்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் மழைக்காக நான் வானத்தைப் பார்த்தது அந்த ஆறு மாதங்கள்தான்.

ஏகாம்பரம் மனைவியின் மீன் வண்டியைத் தள்ளினார். கூவமாட்டார், தள்ளுவார். எட்டு வீடுகளில் இரண்டில் அவரைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாற்றத்தால் அல்ல, மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்தான் அவர்கள். "எங்க வூட்டு பிரிட்ஜு உன்னாலதான்யா போச்சு" என்று ஒருவர் நடுத்தெருவில் நிறுத்திச் சொன்னார். ஏகாம்பரம் வண்டியை மேலே தள்ளினார். பதிலைத் தேசம்மாள் சொன்னார். அதை இந்த வார இதழில் அச்சிட முடியாது.

ஒரு நாள் ஊரப்பாக்கத்தில் ஒரு குடியிருப்பில் பம்ப் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனார். எல்லாம் பேசி முடித்து, பழைய இடத்தில் விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். விசாரித்தார்கள். சொல்லவில்லை.

ஆடி கடைசியில் ஒரு மாலை, மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. ஏகாம்பரம் வண்டியைப் பாதி வழியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். முதலில் தூறல் விழுமுன்னே மிதவையைக் கையால் தூக்கிக் காட்டினோம். தடித்த குரல் 'ம்ம்ம்' என்றது. இரண்டு நொடியில் கீச்சுக் குரல் சேர்ந்துகொண்டது. பெட்டி காய்ந்திருந்தால் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அது அத்தாட்சி. மிதவையை விட்டோம். பிறகு வானமே தொட்டியை நிரப்பியது.

இரண்டாவது சத்தம்

மறுபடி அதே மேசை. இந்த முறை இயர்போன் எடுத்துப்போகவில்லை. பொறியாளரின் போனிலேயே போடச் சொன்னேன்.

முதலில் மிதவையைத் தூக்கிய பகுதி. தடித்த குரல், உடனே கீச்சுக் குரல். "தடித்தது தண்ணீர் வந்துவிட்டது என்கிறது. கீச்சென்றது மோட்டாரே ஓடு என்கிறது" என்று மட்டும் சொன்னேன். நான்காம் பத்தி எதுவும் இல்லை.

பிறகு மழைப் பகுதி. 'ம்ம்ம்' என்று தொடங்கியது. அறையில் எல்லோரும் இரண்டாவது குரலுக்காகக் காத்திருந்தோம். ஒரு நிமிடம் ஆனது. பக்கத்து மேசை எழுத்தர் தலை நிமிர்ந்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு போன் அடித்தது. பொறியாளர் எடுக்கவில்லை. நான்காவது நிமிடத்தில் அவரே பொறுக்க மாட்டாமல் கேட்டார்.

"ரெண்டாவது சவுண்ட் எப்ப சார் வரும்?"

"அன்னிக்கு நானும் அதான் சார் கேட்டேன்" என்றார் ஏகாம்பரம்.

"கீழ இருக்கிறவன் கத்திகினே கீறான், மேல இருக்கிறவனுக்குக் கேக்கல" என்றார் தேசம்மாள். "இதுக்கு இவர எதுக்கு சார் லிஸ்ட்ல அடிச்சீங்க?"

பொறியாளர் பதிவை நிறுத்தவில்லை. பதினோரு நிமிடமும் கேட்டார். கீச்சுக் குரல் வந்ததும் போனை அணைத்துவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து மூடினார். எதையும் எடுக்கவில்லை.

"அன்னிக்கு நான் அங்க வந்தப்போ" என்று ஏகாம்பரத்தைப் பார்த்துச் சொன்னார், "அந்த மேனுவல் சுவிட்ச் சாவி என் பேக்லதான் இருந்துது. எனக்குத் தோணவே இல்ல."

ஏகாம்பரம் என்ன சொல்வார் என்று பார்த்தேன். "மழை சார், யாருக்குத்தான் தோணும்" என்றார். நானாக இருந்தால் பதினொரு பத்திகள் சொல்லியிருப்பேன்.

"நோட் போடறேன் சார்" என்றார் பொறியாளர். போட்டார். அதை மறுக்க முடியாது. நோட்டு மேலே போய், இன்னொருவர் கையெழுத்துக்காகக் காத்திருந்து, அவர் மாற்றலாகி, புதியவர் வந்து, கோப்பைப் புதிதாகப் படித்து, பென் டிரைவைத் தனியாகக் கேட்டு, கீழே வந்தது. இந்த வழிகளெல்லாம் எனக்கு மனப்பாடம். நானே பலரை அதில் நடக்கவிட்டிருக்கிறேன்.

கடிதம்

பதிவுத் தபால் என் பெயருக்கு வந்தது, நகல் ஏகாம்பரத்துக்கு என்ற குறிப்போடு. நான் ஏகாம்பரத்தின் வீட்டுக்கு எடுத்துப்போனேன். இருவரும் வீட்டில் இருந்தார்கள். அந்த மாதம் மீன் வாங்க ஆளில்லை.

"நீங்களே படிங்க சார், சத்தமா" என்றார் தேசம்மாள்.

படித்தேன். 'ஒலிப்பதிவு கேட்கப்பட்டது. தானியங்கிப் பெட்டியின் பழுதே காரணம் எனத் தெரிகிறது. பம்ப் இயக்குநர் திரு. ஏகாம்பரம் சாவி பெறும் பொருட்டே பணியிடத்தை விட்டுச் சென்றார் எனப் பதிவு செய்யப்படுகிறது. அவர் மீதான குறிப்பாணை திரும்பப் பெறப்படுகிறது. அவரை மீண்டும் பணியமர்த்த ஒப்பந்ததாரர் அறிவுறுத்தப்படுகிறார்.' சாவி யாரிடம் இருந்தது என்று ஒரு சொல் இல்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

"திரு.ன்னு போட்டுக்கீறானா?" என்றார் தேசம்மாள்.

"போட்டிருக்கிறார்கள்."

"இன்னொரு தபா படிங்க."

மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை ஏகாம்பரம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தேசம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு இப்போ? போ, சட்டையப் போட்டுக்கினு போயி அந்த பிரிட்ஜுக்காரன் வூட்ல காட்டு மொதல்ல" என்றார்.

ஏகாம்பரம் அங்கே போகவில்லை. கடிதத்தை மடிக்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, "இத லேமினேசன் பண்ணணும் சார். பம்ப் ரூம்ல மாட்டணும். பம்மல்ல கட கீது" என்றார்.

அசல் அரசு ஆவணத்தைப் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி மூடக்கூடாது. மூடினால் செல்லாது. அதற்கான விதியின் எண் உட்பட எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு கடைக்கு நடந்தேன்.

முப்பது நாளுக்குள் வர வேண்டிய பதில் வந்து சேர்ந்த அந்த நாள், புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை.